குடைக்கம்பிக்கும் வாணலிக்கும் நடந்த வானலைப் போர்

வெல்க முஜியோனோ! இருசக்கர வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஊசிகளின் அரசனே, ஐம்பத்து நான்கு அகவையும் அறுபத்தேழு கிலோ எடையும் அரைவழுக்கையும் ஒருங்கே தாங்கிய தோன்றலே, செடாத்தி நகரத்து மங்குஸ்தான் சந்தில் பதினேழாம் எண் இல்லத்து மொட்டைமாடியில் கவிழ்த்த வாளியின்மேல் வீற்றிருக்கும் வேந்தே, உன் புகழைச் சொல்லப் புகுமுன் காற்றை வணங்குகிறோம். காற்றில் விரையும் அலையை வணங்குகிறோம். அலையை மறிக்கும் உலோகத்தை வணங்குகிறோம். அவ்வுலோகத்தைத் தன் உடம்பிலிருந்து கழற்றித் தந்த உன் மனைவியின் குடையை மும்முறை வணங்கி மேலே செல்கிறோம்.

சுரபாயாவின் விமான நிலையத்துக்கு நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அச்சந்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வானம் பிளந்து ஒரு வெள்ளி வயிறு கூரைகளை உரசுவதுபோல் இறங்கும். அப்போது சந்திலுள்ளோர் அனைவரும், பேரம் பேசுவோரும் சண்டையிடுவோரும் காதல் சொல்வோரும், வாய் எந்த எழுத்தில் நின்றதோ அந்த எழுத்திலேயே நிறுத்தி, ஓசை கடந்தபின் அடுத்த எழுத்திலிருந்து தொடர்வர். இதை அவர்கள் ஒரு வழக்கமாகக்கூடக் கருதுவதில்லை. ஆனால் முஜியோனோ ஒருவர் மட்டும் அந்த வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பவர் என்ன பேசுகிறார் என்று கேட்க விரும்பினார். மூன்றாண்டுகளுக்கு முன் பழைய பொருள் சந்தையில் ஒரு கைவானொலி வாங்கினார். அன்று முதல் நாள்தோறும் மாலைத் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரம், ஊசியும் நூலும் தோலும் வாடிக்கையாளரும் எட்டாத உயரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், காதில் செருகியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விமானிகளின் ஆங்கிலத்தில் எண்கள் முழுவதும் அவருக்குப் புரியும். மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு புரியும். அதுவே அவருக்குப் போதுமானதாயிருந்தது. அந்த ஒரு மணி நேரமே அவரது நாடு, நகரம், கோட்டை, அகழி.

அக்கோட்டைக்குத்தான் முற்றுகை வந்தது.

மங்குஸ்தான் சந்தில் அறுபத்திரண்டு வீடுகள். சந்துக்கு ஒரு தலைவர் உண்டு. மக்கள் அவரை பாக் எர்த்தே என்பர். அப்பதவிக்கு ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பிறந்தவர்க்குச் சான்று, இறந்தவர்க்குச் சான்று, குடிவந்தவர்க்குச் சான்று, கணவனோடு சண்டையிட்டுக் குடிபெயர்ந்தவர்க்கு முதலில் அறிவுரை, பின்னர் சான்று. இவையனைத்தையும் அவர் வீட்டு வாசலிலேயே, பெரும்பாலும் அவர் சோற்றில் கை வைத்த கணத்திலேயே, கேட்டு வருவர். இதனினும் கொடியது ஒன்றுண்டு. தலைவரின் மனைவி, அவளை யாரும் ஒரு சொல் கேளாமலே, சந்தின் மகளிர் சங்கத் தலைவியாகிவிடுவாள். கத்தரிக்காய் நிறச் சீருடை அணியவேண்டும், குழந்தைகளை எடை போடவேண்டும், கீரைப்பாத்திப் போட்டியில் நிற்கவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னர் எழுந்து நின்று சங்கப் பாட்டைப் பாடவேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நுகத்தைச் சுமந்தவர் மத்ராவி. மதுராத் தீவிலிருந்து வந்து குடியேறியவர். முப்பத்தொரு வரிப்புறாக்களின் தலைவர். ஏழு மீட்டர்க் கம்பத்தின் உச்சிக்குக் கப்பி கட்டிக் கூண்டேற்றிப் புறாவைக் கூவவிடும் போட்டிகளில் நான்கு மாவட்டங்களுக்கு நடுவராய் நின்று பழுத்த செவியினர். புறாவின் குரலை முன்குரல், நடுக்குரல், கடைக்குரல் என மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றையும் நாவில் வைத்துச் சுவைப்பதுபோல் கண்மூடி நிறுப்பவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூட்டி, இனி முடியாது, புதுத் தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

கூட்டத்துக்கு வராதவரைத் தலைவராக்குவது அச்சந்தின் எழுதாச் சட்டம். ஆதலால் அறுபத்திரண்டு வீட்டாரும் வந்தனர். காய்ச்சல்காரர் போர்வையோடு வந்தார். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தவரை இருவர் நாற்காலியோடு தூக்கிவந்தனர். வராதவர் எவருமில்லை என்ற வரலாறு காணாப் பேரிடரில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சி, அனைவரும் தத்தம் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு விமானம் கடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தனர். ஓசை அடங்கிற்று.

"மக்காசார் வண்டி," என்றார் பொனிடி.

பொனிடி யாரெனில், சந்தின் முனையில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அவரிடமும் ஒரு கைவானொலி உண்டு. அதைக் கடை மேசையில் எந்நேரமும் கரகரக்க விட்டிருப்பார்.

"பாலிக்பாப்பான் வண்டி, சாக்," என்றார் முஜியோனோ. அண்ணன் என்பதற்கு அங்கே சாக் என்பர், பெண்களை நிங் என்பர். மரியாதைக்கும் அதுதான், மூக்கை உடைப்பதற்கு முன்னும் அதுதான். "மக்காசார் வண்டி இறங்கி இருபது நிமிஷம் ஆச்சு. காதால கேட்டேன்."

"எதால கேட்டீங்க? அந்த எலிவால் ஆன்டெனாவாலயா?"

"எலிவாலோ எருமைவாலோ, அதுல மனுஷன் பேசுறது கேக்குது. உங்க கடைப்பக்கம் போனா டெம்பே பொரியுற சத்தம்தான் வருது."

"ஆன்டெனா பத்தி எனக்குச் சொல்லித் தரீங்களா? இந்தச் சந்துக்கு முதமுதல்ல இன்டர்நெட்ட வானத்துலேர்ந்து இறக்கினது யாரு?"

"இறக்கினீங்க. மழை வந்தா அதுவே மேல ஏறிப் போயிடும்."

அனைவரும் சிரித்தனர். மத்ராவி சிரிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுச் சிறையின் சுவரில் ஒரு விரிசல் தென்பட்டவரைப்போல் அவர் மெல்ல எழுந்தார், சந்தின் முத்திரையும் மைத்தட்டும் பதிவேடுகளும் அடங்கிய தகரப்பெட்டியைத் தலைக்குமேல் உயர்த்தினார், இவ்வாறு பறைசாற்றினார்:

"கேளுங்க எல்லாரும். அடுத்த ஞாயித்துக்கிழமை, காலையில எட்டு மணி. என் திடல்ல ரெண்டு புறாக்கம்பம் நிக்குது. ஆளுக்கு ஒண்ணு. ஆன்டெனாவ ஏத்துங்க. யாரோடது குரல நல்லா கொண்டுவருதோ அவர் விடுதலை. தோத்தவர் இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போகணும். மூணு வருஷம். நடுவர் நான். சம்மதமா?"

இருவரைக் கேட்டுத்தான் சம்மதம் பெறவேண்டும் என்று அவ்விருவரும் வாய் திறப்பதற்குள், மீதமுள்ள ஐம்பத்தொன்பது வீட்டாரின் ஐம்பத்தொன்பது கைகளும் உயர்ந்துவிட்டன. மாவுக்கட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்று தள்ளுபடி செய்யப்பட்டது.

வீடு திரும்பிய வீரனை வாசலில் எதிர்கொண்டாள் லஸ்மினி, இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் எந்தச் சங்கத்திலும் சேராமல் தன் சுதந்திரத்தைக் காத்தவள்.

"கேள்விப்பட்டேன், சாக்."

"அதுக்குள்ளயா?"

"உங்களுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு. நல்லா கேட்டுக்கோங்க. நீங்க தோத்தா அந்தக் கத்தரிக்காய்க் கலர் சட்டைய நான் போடணும். நின்னுக்கிட்டுப் பாடணும். எனக்குப் பாடவே வராது."

"தோக்க மாட்டேன், நிங்."

"போன வருஷம் செஸ் விளையாடுறப்பவும் இதேதான் சொன்னீங்க."

அவ்வளவில் போர் முரசம் முழங்கிற்று.

இனிப் படைக்கல ஆய்வை நாள்வாரியாக உரைப்போம். திங்கட்கிழமை, வானொலியோடு கூடவே வந்த ரப்பர் வாலை முஜியோனோ மாடியில் நின்று சோதித்தார். விரல் நீளமும் விரல் கனமும் கொண்ட அந்தக் குறுவாள், தலைக்குமேல் பறந்த விமானியின் குரலைத் தந்தது. ஆனால் நிலையத்துக் கோபுரத்திலிருந்து அவனுக்குப் பதில் சொல்லும் குரலைத் தரவில்லை. கோபுரம் தரையில் நிற்கிறது. இடையில் அரிசி ஆலை ஒன்றும் பள்ளிவாசல் ஒன்றும் மூன்று மாடி வீடுகள் பலவும் நிற்கின்றன. ஒருவன் பேச, மற்றவன் மௌனம் காக்க, மூன்றாண்டுகளாகத் தான் பாதி உரையாடலையே கேட்டுவந்ததை அவர் அன்று எண்ணிப் பார்த்துத் திடுக்கிட்டார். கோபுரத்தின் குரலையும் கொண்டுவருகிற கருவியே வெல்லும் கருவி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

செவ்வாய்க்கிழமை, கூரைமேல் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவை இறக்கினார். நடுத்தண்டும் இருபுறமும் கம்பிகளுமாய், விருந்து முடிந்தபின் தட்டில் மிஞ்சிய பண்டெங் மீனின் எலும்புக்கூட்டை ஒத்திருந்தது அது. விமானத்தின் அலை நின்றபடி வருவது. இம்முள்ளோ படுத்தபடி கேட்பது. நின்று பேசுபவனைப் படுத்துக்கொண்டு கேட்பவன் பாதியும் கேளான் என்று உணர்ந்து அதை ஒரு மூங்கிலில் நிமிர்த்திக் கட்டினார். கேட்டது, அடடா, மிக நன்றாகவே கேட்டது, முள்ளின் மூக்கு எத்திசை நோக்கிற்றோ அத்திசையில் மட்டும். ஆனால் விமானம் ஓரிடத்தில் நிற்குமோ? லஸ்மினி மூங்கிலைக் கட்டித் தழுவி, பறக்கும் விமானத்தைக் கண்ணால் தொடர்ந்து, கப்பல் திருப்பும் மாலுமிபோல் சுழன்றாள். மூன்றாவது விமானத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"போட்டி அன்னிக்கு நான் இப்படிச் சுத்த மாட்டேன். ஊரே பாக்கும்," என்றாள்.

முள் மறுபடி கூரைக்குப் போயிற்று.

புதன்கிழமை, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய விலையுயர்ந்த கருவி வந்தது. மேலே கம்பித் தட்டும் கீழே கம்பிக் கூம்புமாய், காற்றில் புரண்டு எலும்பு மட்டும் எஞ்சிய குடைபோல் இருக்கும். அதன் பெருமை யாதெனில் எல்லாவற்றையும் கேட்கும் என்பது. அதன் சிறுமையும் அதுவே. விமானியைக் கேட்டது, கோபுரத்தைக் கேட்டது, வாடகைக் கார் அலுவலகத்தைக் கேட்டது, அனைத்துக்கும் மேலாக, மூன்று தெரு தள்ளி இருக்கும் பண்பலை நிலையத்தின் டங்டுட் பாட்டைக் கேட்டது. இறங்க அனுமதி கேட்ட விமானிக்குப் பின்னணியில் ஒருத்தி, கைவிட்ட காதலனை நினைத்து ஏங்கி ஏங்கிப் பாடிக்கொண்டிருந்தாள். லஸ்மினி அரை மணி நேரம் ரசித்துக் கேட்டாள். முஜியோனோ கருவியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை, உளவுச் செய்தி வந்தது. காய்கறியும் டெம்பே என்னும் சோயாக்கட்டியும் விற்கும் வண்டியருகே பொனிடியின் மனைவியை லஸ்மினி சந்தித்தாள்.

"என்ன, இந்த வாரம் டெம்பேயே வாங்கக் காணோம்?"

"எதுல பொரிக்கறது, நிங்? என் வாணலி திங்கக்கெழமையிலேர்ந்து மாடியில வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

ஆம். பொனிடி தேர்ந்த படைக்கலம் வாணலி. பல ஆண்டுகளுக்கு முன் அண்டை ஊரிலிருந்து இணையத்தைப் பிடித்திழுத்து வந்த அதே வட்டக் கேடயம், அதே கரி, அதே எண்ணெய் வாசம். ஒருமுறை வென்ற ஆயுதம் எல்லாப் போரிலும் வெல்லும் என்று அவர் உறுதிபூண்டிருந்தார். இச்செய்தி கேட்ட முஜியோனோ, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்கிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். விமான அலையின் நீளம் ஏறத்தாழ இருநூற்று நாற்பது சென்டிமீட்டர். வாணலியின் அகலம் நாற்பது. குட்டையில் துள்ளும் பண்டெங்கைத் தேக்கரண்டியால் பிடிப்பதற்கு ஒப்பானது அம்முயற்சி.

அலையின் கால் பங்கு அறுபது. அதில் கம்பிக்குரிய தேய்மானம் கழித்தால் ஐம்பத்தாறு. நேராய் நிற்கும் ஐம்பத்தாறு சென்டிமீட்டர்க் கம்பி ஒன்று. அதன் அடியில் நாற்புறமும் பாவாடைபோல் சரிந்து இறங்கும் ஐம்பத்தாறு சென்டிமீட்டர்க் கம்பிகள் நான்கு. அது எத்திசையும் கேட்கும், டங்டுட்டுக்கு மயங்காது, எவரும் கட்டித் தழுவிச் சுழற்ற வேண்டியதில்லை. இத்தகைய கம்பி ஐந்தினை எங்கே பெறுவது? வண்டிச் சக்கரத்து ஆரக்கம்பிகள் குட்டை. துணிக்கொடிக் கம்பி வளையும். வீடெங்கும் அளவுநாடாவோடு அலைந்த அவரது பார்வை, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்ததும், கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த ஒன்றன்மேல் விழுந்தது. அளந்தார். ஐம்பத்தாறு.

"அது என் குடை," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

"தெரியும்."

"மழைக்காலம் நடக்குது, சாக்."

"குடையா, சட்டையா?"

நீண்ட மௌனம். ஒரு விமானம் கடந்தது. மௌனம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பின்னர் லஸ்மினி வெளியே வந்து, தன் கையாலேயே குடையின் துணியைக் கிழித்தாள்.

சனிக்கிழமை மாலை, ஐங்கம்பி திருகாணிகளால் முடுக்கப்பட்டு, தொட்டியின்மேல் ஏற்றப்பட்டபோது, அரிசி ஆலையையும் பள்ளிவாசலையும் தாண்டி, கோபுரத்தின் குரல் வந்தது. பெண்குரல். மென்மையாய், சற்றே சலிப்பாய், இறங்கலாம் என்றது. மூன்றாண்டுகளாகக் கதவுக்கு வெளியே நின்று ஒருவனின் பேச்சை மட்டும் கேட்டவருக்கு, அன்று கதவு திறந்தது. கவிழ்த்த வாளியின்மேல் அவர் அசையாது இருந்தார்.

"கேக்குதா?" என்றாள் லஸ்மினி.

"கேக்குது."

"அப்ப சாப்பிட வாங்க."

ஞாயிறு விடிந்தது. திடல் நிறைந்தது. சிப்பிக்குழம்புச் சோறான லோந்தோங் குபாங் விற்பவர் தம் வண்டியோடு முன்வரிசையில் இடம்பிடித்தார். இரு கம்பங்களும் ஏழேழு மீட்டர் உயர்ந்து நின்றன. கல்யாண வீடுகளுக்குச் செல்லும் ஆளுயர ஒலிபெருக்கி ஒன்று நடுவே அமர்த்தப்பட்டது. புறாப்போட்டி விதிகள் அப்படியே பின்பற்றப்படும் என்று மத்ராவி அறிவித்தார்: மூன்று சுற்று, சுற்றுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், சுற்றில் வென்றவர் கம்பத்தடியில் ஒரு கொடி, பார்வையாளர் சீட்டியடிக்கக் கூடாது. பிறகு கப்பிகள் கிறீச்சிட, ஒருபுறம் குடைக்கம்பி தன் நான்கு கால்களை விரித்துச் சிலந்திபோல் ஏறிற்று. மறுபுறம் வாணலி, காலை வெயிலைத் தன் கரிய கன்னத்தில் தாங்கி, இரண்டாம் நிலவுபோல் ஏறிற்று. அதிலிருந்து ஒரு துளி எண்ணெய் பொனிடியின் தோளில் சொட்டியது.

முதற்சுற்று. முஜியோனோவின் கருவியில் ஒரு விமானி பேசினான். கோபுரத்துப் பெண் பதிலிறுத்தாள். ஒவ்வோர் எண்ணும் கண்ணாடிமேல் கோலிக்குண்டு விழுந்தாற்போல் தெறித்தது. பேச்சு முடிந்ததும் துல்லியமான நிசப்தம். கூட்டத்தில் ஆகா என்று ஒரு முனகல் எழுந்தது. மத்ராவி, வலக்காதைக் கம்பத்தின் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கினார்.

"முன்குரல் சுத்தம். நடுக்குரல் மணி மாதிரி இருக்கு. கடைக்குரல் எங்க?"

"என்ன கடைக்குரல், சாக்?"

"முடியுற எடத்துல ஒரு இழுப்பு வரணும்ல. கூங்ங்ங்னு. இது கத்தரியால வெட்டின மாதிரி நிக்குது."

"விமானி பேசி முடிச்சா முடிஞ்சுது. அவன் என்ன புறாவா?"

"புறாவா இருந்தா இந்நேரம் கொடி வாங்கியிருப்பான்."

அடுத்து வாணலி. அதே அலைவரிசையில் அதே விமானியும் பெண்ணும் பேசினர். பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் ஒலித்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பொனிடி தம் வானொலியை மின்கம்பியில் செருகியிருந்தார். ஆகவே பேச்சு நின்ற பின்னும் ஓர் ஆழ்ந்த முரலல், ங்ங்ங்ங் என்று, கோயில் இல்லாத ஊரில் கோயில்மணியின் எச்சம்போல், நீண்டு நீண்டு நீண்டு கிடந்தது. மத்ராவியின் மூடிய இமைகள் துடித்தன. அவர் கை தானாக எழுந்து, காற்றில் அம்முரலலைத் தடவிற்று.

"இழுக்குது பாருங்க," என்றார் தழுதழுத்து. "இருபது வருஷத்துல இப்படி ஒரு கடைக்குரல் நான் கேட்டதில்ல."

கொடி வாணலியின் கம்பத்தடியில் குத்தப்பட்டது. புறா வளர்த்தே காது பழகிய அந்தச் சந்தினர், அதில் வியப்பதற்கொன்றும் இல்லை என்று தலையாட்டினர்.

இரண்டாம் சுற்றில் ஊழ் முகம் திருப்பிற்று. முஜியோனோவின் முறை வந்தபோது நான்கு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, கோபுரத்துப் பெண் மூச்சுவிடாமல் பேசவேண்டியதாயிற்று. இடைவெளியே இல்லாததால் கடைக்குரல் இல்லாத குறை தெரியவில்லை. தாளம் பிரமாதம், ஒரு தாளத்துக்கு ஒரு கொடி கொடுக்கலாம் என்றார் மத்ராவி. வாணலியின் முறையில் வானமே வெறுமையாய் இருந்தது. முரலல் மட்டும் ஐந்து நிமிடம் ஓடிற்று. முன்குரலே இல்லாமல் கடைக்குரல் எங்கிருந்து வரும் என்று அவரே வருந்திக் கைவிட்டார். ஆளுக்கொரு கொடி.

மூன்றாம் சுற்றுக்கு முன், லஸ்மினி கணவரின் தோளருகே குனிந்தாள்.

"சாக். அந்த டப்பால ஒரு குமிழ் இருக்குல்ல, இரைச்சல அடக்குற குமிழ்."

"ஆமா."

"அத இடது பக்கம் திருப்புங்க. இரைச்சல் வரும். பேச்சு முடிஞ்சாலும் உஸ்ஸ்ஸ்னு இழுக்கும். அவருக்கு அதுதானே வேணும்."

"அப்படித் திருப்பினா பேச்சுல பாதி கேக்காது."

"கேக்காட்டி என்ன? இங்க யாருக்குப் புரியுது?"

முஜியோனோவின் கட்டைவிரல் குமிழின்மேல் ஏறிற்று. ஓ கட்டைவிரலே! ஒருபுறம் மூன்றாண்டு மாலைகளும் கவிழ்த்த வாளியும் சீருடை அணியாத மனைவியும். மறுபுறம் ஐம்பத்தாறு சென்டிமீட்டர்த் துல்லியம். நடுவில் நீ. விரல் இடப்புறம் திரும்பிற்று. இரைச்சல் கடலாய்ப் புறப்பட்டது. மத்ராவியின் முகம் மலர்ந்தது. லஸ்மினி மூச்சை விட்டாள்.

அக்கணம் ஒரு விமானி அழைத்தான். சற்றுத் தொலைவிலிருந்து பேசினான் போலும். உஸ்ஸென்ற கடலுக்கு அடியில் அவன் குரல் மூழ்கி மூழ்கி எழுந்தது. ஓடுபாதைக்கு முன்னால் ஏதோ ஒன்று என்றான். என்ன என்பது நுரையில் கரைந்தது. கோபுரத்துப் பெண் என்னவோ கேட்டாள், அதுவும் கரைந்தது. அவன் திரும்பவும் சொன்னான். முஜியோனோவின் கழுத்து நீண்டது. காது விறைத்தது. என்ன இருக்கிறது ஓடுபாதைக்கு முன்னால்? கட்டைவிரல், எவருடைய ஆணைக்கும் காத்திராமல், வலப்புறம் திரும்பிவிட்டது.

கடல் வற்றியது. தெளிந்த வானில் விமானியின் குரல், "பட்டம்" என்றது.

"என்ன நிறம்?" என்றாள் கோபுரத்துப் பெண்.

"சிவப்பு. வால் மிக நீளம்."

"உயரம்?"

"என்னைவிட உயரம்."

திடலில் இருந்தவர்களுள் ஆங்கிலம் அறிந்த நால்வர் சிரித்தனர். அவர்கள் மொழிபெயர்க்க ஐம்பத்தைந்து பேர் சிரித்தனர். விமானி மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவரப் பணிக்கப்பட்டான். முஜியோனோ மட்டும் சிரிக்கவில்லை. வாளியின்மேல் இருந்த அதே முகத்தோடு, விழி விரிய, ஒவ்வொரு சொல்லையும் உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தது. துல்லியமான நிசப்தம் பரவியது.

"பட்டத்துக்கே வால் இருக்கு," என்றார் மத்ராவி துயரத்தோடு. "உங்க குரலுக்கு மட்டும் இல்ல."

லஸ்மினி கணவரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி முறை வாணலிக்கு. சுற்றிவந்த அதே விமானி, இறங்குகிறேன் என்று பானைக்குள்ளிருந்து முனகினான். நின்றான். முரலல் புறப்பட்டது. ங்ங்ங்ங் என்று அது திடலைக் கடந்தது, வண்டிகளைக் கடந்தது, மத்ராவியின் வீட்டு முற்றத்தை அடைந்தது. அங்கே கூண்டில் இருந்த அவரது முதன்மைப் புறா, ஆறு மாதமாய் எந்தப் போட்டியிலும் வாய்திறவாது அவருக்குத் தலைக்குனிவு தேடித்தந்த அந்தப் புறா, தலையைச் சாய்த்தது, தொண்டையை உப்பவைத்தது, எதிர்க்குரல் கொடுத்தது.

கூங்ங்ங்.

வாணலி முரல, புறா கூவ, வாணலி முரல, புறா கூவ, அறுபத்திரண்டு வீட்டாரும் எழுந்து நின்றனர். மத்ராவியின் கண்களில் நீர் திரண்டது. இனி நடுவர் தேவையில்லை, புறாவே தீர்ப்பளித்துவிட்டது. கொடி குத்தப்பட்டது. பொனிடியைத் தோள்மேல் தூக்கினர்; எண்ணெய்க் கறை பட்ட தோளைத் தவிர்த்து மறுதோளைப் பிடித்துத் தூக்கினர்.

தகரப்பெட்டி முஜியோனோவின் மடியில் வைக்கப்பட்டது. அவர் வானொலியை அணைத்தார்.

"ஏன் திருப்பினீங்க?" என்றாள் லஸ்மினி. குரலில் கோபம் இல்லை. மழைக்கு முந்தைய காற்றுபோல் ஏதோ ஒன்று இருந்தது.

"என்னன்னு கேக்கணும்னு தோணிச்சு."

"கேட்டீங்களா?"

"பட்டம்."

அவள் திடலைப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் நாற்கால் விரித்து நின்ற தன் குடையைப் பார்த்தாள். பிறகு, சிறைப்பட்ட பேரரசியர் மணிமுடியைக் கழற்றுகையில் காட்டும் அந்த நிமிர்வோடு, இவ்வாறு பறைசாற்றினாள்:

"சட்டை பெரிய அளவா வாங்கிட்டு வாங்க. கத்தரிக்காய்க் கலர் துவைச்சா சுருங்கும்."

அவ்வாறாக, அலைகளை ஆண்டவர், கோபுரத்தின் மறைகுரலைத் தரைக்கு இறக்கியவர், ஐங்கம்பிக் கொற்றவர், தூய்மையின்பொருட்டுத் தோற்ற முதல் வீரர், மங்குஸ்தான் சந்தின் பதின்மூன்றாம் பாக் எர்த்தே, தகரப்பெட்டியைத் தோளில் சுமந்து, மாலைத் தொழுகை முடித்து, தம் இல்லத்து மொட்டைமாடிப் படியில் வலக்காலை எடுத்து வைத்தார்.

அப்போது ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் வந்து, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றார்.